தொட்டில் வெட்டு

காலையில் இனோபத் ஆட்டின் மடியைப் பிடித்துப் பார்த்தாள். தொளதொளவென்று கிடந்தது. இரண்டு காம்பையும் இழுத்தாள். கிண்ணத்தின் அடி நனையவில்லை.

ஆடு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு பருத்திமாரைக் கடிக்கப் போனது.

"நேத்தே சொன்னேன்," என்றார் மாமனார் எர்காஷ். முற்றத்தில் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "அது சினை. வத்திடுச்சு. இனிமே குட்டி போட்டாத்தான்."

"அதுவரைக்கும் பிள்ளை காத்திருக்குமா அத்தா?"

எர்காஷ் பனியைத் தள்ளினார்.

மர்கிலான் ஊரின் அந்த முற்றத்தில் எதிரெதிரே இரண்டு வீடுகள். கிழக்கே மூத்த மருமகள் இனோபத். மேற்கே இளையவள் துர்சுனோய். வாசல் பக்கத்து அறையில் எர்காஷ். அவருடைய மகன்கள் இருவரும் ஊரில் இல்லை. மூத்தவன் காசிமை உரால் மலைப் பக்கம் நிலக்கரி வெட்ட அனுப்பியிருந்தார்கள். இளையவன் சாபிர் போர்முனையில் இருந்தான்.

இனோபத்துக்குப் பிள்ளை இல்லை. துர்சுனோய்க்கு ஹைதர் பிறந்தபோது, அவனைத் தன்னிடம் தரும்படி கேட்டாள். அங்கே அப்படிக் கேட்பதும் உண்டு, கொடுப்பதும் உண்டு. துர்சுனோய் கொடுக்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு இரண்டானது.

பிறகு ரயில் வந்தது. மேற்கே போரில் ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. ரயிலில் வீடிழந்த பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். பெண்கள் போர்வைகளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். இனோபத் பட்டு ஆலை வேலையிலிருந்து ஈரக் கையோடு போனாள். ஒரு பெண் குழந்தையோடு திரும்பினாள். கையில் கட்டியிருந்த துணியில் நீனா என்று எழுதியிருந்தது. இனோபத் அவளை ஹதியா, பரிசு, என்று கூப்பிட்டாள்.

எர்காஷுக்கு ஒரு யோசனை வந்தது. ஹைதரின் மரத்தொட்டிலை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு குழந்தைகளையும் அதில் சேர்த்துக் கிடத்தினார். கத்தியை எடுத்துத் தொட்டிலின் மேல்கட்டையில் ஒரு வெட்டு வெட்டினார். இவளுக்கு இவன். வளர்ந்ததும் கல்யாணம். அண்ணன் தம்பி பிள்ளைகள் கட்டிக்கொள்வது அங்கே வழக்கம். தொட்டிலை வெட்டிப் பேசிய பேச்சை யாரும் மாற்றுவதில்லை.

இனோபத் அழுதாள். மகள் கல்யாணமாகிப் போனாலும் முற்றத்தைத் தாண்டினால் போதும். துர்சுனோயும் சம்மதித்தாள். "நாளைக்குப் பொண்ணு தேடி வீடு வீடாப் போய் டீ குடிக்க வேண்டாம்," என்றாள். அன்று சாயங்காலம் ஒரே பானையில் அரிசியும் பயறும் வெந்தன. தொட்டில் இனோபத்தின் வீட்டுக்குப் போனது.

அப்போது ஆடு கறந்துகொண்டிருந்தது.

*

நர்ஸ் ரௌஸா உருளைக்கிழங்கு நிறுக்கும் கொக்கித் தராசோடு வந்தாள். கசானிலிருந்து வந்த தாத்தார் பெண். பிள்ளை எடுத்த வீடுகளுக்கெல்லாம் வாரம் ஒருமுறை போவாள். அதிகம் பேசமாட்டாள்.

குழந்தையைத் துணியில் முடிந்து கொக்கியில் மாட்டினாள். கையை உயர்த்தினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்தாள். மற்றவர்களுக்குக் காட்டவில்லை.

"போன வாரத்தைவிடக் குறைஞ்சிருக்கு."

"ஆடு வத்திடுச்சு நர்ஸம்மா."

"கஞ்சி?"

"குடுத்தா கக்குறா. திராட்சையை மென்னு துணியில கட்டி வச்சேன். உறிஞ்சினா. அப்புறம் வயித்தால போயிடுச்சு."

ரௌஸா குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து விட்டாள். தோல் மெதுவாகத்தான் படிந்தது. குழந்தை அழுதது. பூனைக்குட்டியின் சத்தம்போல இருந்தது.

துர்சுனோய் ஹைதரை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். அழுகை கேட்டதும் அவள் சட்டையின் மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் நனைந்தது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். ரௌஸா அதைப் பார்த்துவிட்டாள்.

பிறகு தொட்டிலைப் பார்த்தாள். வெட்டை விரலால் தடவினாள்.

"யார் வேலை இது?"

"நான்தான்," என்றார் எர்காஷ்.

"நல்லா ஆழமா வெட்டியிருக்கீங்க."

அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் முஸ்லிம் வீட்டில் பிறந்தவள். ஒருத்தியிடம் பால் குடித்த குழந்தை அவளுக்கு மகள். அவள் பெற்றவனுக்குத் தங்கை. தங்கையை யாரும் கட்டுவதில்லை.

"வண்டி சாயங்காலம் இந்தத் தெருவுக்கு வரும்," என்றாள் ரௌஸா. "ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பிள்ளைங்க போகுது. அதுக்குள்ள இவளுக்குப் பால் கிடைச்சா இங்க இருக்கட்டும். இல்லைன்னா இவளையும் ஏத்திக்குவேன்."

"அங்க தட்டம்மைன்னு சொல்றாங்க," என்றாள் இனோபத்.

"இருக்கு."

"தெரிஞ்சே கொண்டு போவீங்களா?"

"அங்க பாலும் இருக்கு அக்கா. அம்மை வரலாம், வராமலும் இருக்கலாம். பட்டினி அப்படி இல்ல."

தராசைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். வாசல் வரை யாரும் கூடப் போகவில்லை.

முற்றத்தில் மூன்று பேரும் நின்றார்கள். துர்சுனோய் இனோபத்தைப் பார்த்தாள். இனோபத் தொட்டிலைப் பார்த்தாள். எர்காஷ் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அது ஏற்கெனவே குடித்திருந்தது.

"நான் சலோமத் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்," என்றாள் இனோபத்.

"அவளுக்கே மூணு வாய்," என்றாள் துர்சுனோய்.

"கேட்டுப் பாக்குறேன்."

குழந்தையை மேலங்கிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டாள். துர்சுனோய் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹைதர் அவள் காதணியைப் பிடித்து இழுத்தான். அவன் கையை விடுவித்து நிமிர்ந்தபோது இனோபத் தெருவில் இருந்தாள்.

*

சலோமத் பக்கத்துத் தெருவில் இருந்தாள். பருத்த உடம்பு. ரயிலிலிருந்து இரட்டைப் பிள்ளைகளை எடுத்தவள். சொந்தப் பிள்ளையும் கைக்குழந்தைதான். இனோபத் போனபோது இரண்டு பக்கமும் இரண்டு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது காலடியில் கத்தியது.

"வா வா. வரிசையில நில்லு," என்றாள் சலோமத். "ரொட்டிக் கடையில நிக்குற மாதிரிதான் இங்கயும். கடைசியா வந்தவங்களுக்குத் தீர்ந்துபோச்சும்பாங்க."

இனோபத் மேலங்கியைத் திறந்து காட்டினாள்.

சலோமத் சிரிப்பை நிறுத்தினாள். குடித்துக்கொண்டிருந்த ஒருவனைப் பிடுங்கிக் கீழே விட்டாள். "கொண்டா இங்க."

ஹதியா வாய் வைத்தாள். இழுத்தாள். கொஞ்ச நேரம் இழுத்தாள். பிறகு வாயை எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். சலோமத் அடுத்த பக்கம் மாற்றினாள். அங்கேயும் அதேதான்.

"இவனுங்க நக்கித் துடைச்சுட்டானுங்க," என்றாள் சலோமத். "நான் திங்கிறது சோள ரொட்டியும் சுடுதண்ணியும். அதுல எவ்வளவு ஊறும்?"

இனோபத் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"உங்க வீட்டுல ஒருத்திக்குச் சட்டை நனையுது. நீ ஊரைச் சுத்தி வர்ற," என்றாள் சலோமத்.

"தொட்டில் வெட்டியாச்சு சலோமத்."

"தெரியும். அன்னைக்கு உன் வீட்டுச் சோத்தை நானும்தானே தின்னேன்."

"கிண்ணத்துல பீச்சிக் குடுத்தா?"

"என்னது?"

"மார்ல வாய் வைக்காம. கிண்ணத்துல எடுத்து, கரண்டியால. ஆட்டுப்பால் மாதிரி."

சலோமத் அவளைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சிருக்க. இதே கேள்வியை நானும் கேட்டேன், இவனுங்க வந்தப்போ. ஓதிக்குடுக்குற அக்காகிட்ட. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? கரண்டிக்குப் பிள்ளை இல்ல, பொம்பளைக்குத்தான் பிள்ளைன்னாங்க. எப்படிப் போனாலும் உள்ள போனா போனதுதான். ஒரு மிடறு போதும்."

"டீயில கலந்தா?"

"இனோபத்."

"கேட்டேன்."

"எனக்கும் அப்ப இந்த மாதிரி நூறு கேள்வி இருந்துச்சு." சலோமத் கீழே கிடந்தவனைத் தூக்கினாள். "துர்சுனோய்க்கு மருமகள் வேணும்னு எடுத்தியா, உனக்கு மகள் வேணும்னு எடுத்தியா?"

"மகள்தான். கூடவே இருக்கணும்னுதான் தொட்டில் வெட்டினது."

"துர்சுனோய் பால் குடுத்தாலும் கூடத்தானே இருப்பா."

"அவளுக்கு மகளா இருப்பா. எனக்குக் கொழுந்தன் மகள்."

சலோமத் காய்ந்த மல்பெரிப் பழம் ஒரு பிடி எடுத்து இனோபத்தின் பைக்குள் போட்டாள். "நடக்கும்போது தின்னு. நீயும் விழுந்துடாத."

*

வீட்டில் துர்சுனோயும் எர்காஷும் பருத்திக் காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். குளிரில் வெடிக்காமல் போன காய்கள். வீட்டுக்கு ஒரு மூட்டை என்று கொடுத்திருந்தார்கள். தரையில் குழி, குழியில் தணல், அதன்மேல் குட்டை மேசை, மேசையை மூடி ரஜாய். இருவரும் அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். காயின் ஓடு கத்திபோல இருந்தது. துர்சுனோயின் கட்டைவிரலில் இரத்தம் வந்து உறைந்திருந்தது.

ஹைதர் ஓரமாகத் தூங்கினான்.

"நீயே பிள்ளையை எடுத்துப் பால் குடுத்திருக்கலாம்," என்றார் எர்காஷ்.

"கேக்கட்டும்."

"கேக்க மாட்டா. அவ குணம் உனக்குத் தெரியும்."

"ஹைதரைக் குடுக்க மாட்டேன்னப்போ கல்நெஞ்சுக்காரின்னு தெருவே பேசிச்சு. அத்தா, நீங்களும் பேசினீங்க."

எர்காஷ் ஒரு காயை உடைத்தார். "பேசினேன்."

"இப்ப அவ கேக்காம நானா மார்ல போட்டுக்கிட்டா என்ன பேசுவாங்க? தன் பிள்ளையும் குடுக்கலை, அவ எடுத்துட்டு வந்த பிள்ளையையும் பிடுங்கிக்கிட்டான்னு பேசுவாங்க. அவளும் அப்படித்தான் நினைப்பா. இந்த வாட்டி நினைச்சா தப்பும் இல்ல."

"வண்டியில ஏத்திவிட்டா?"

துர்சுனோய் கைகளை நிறுத்தினாள். "அந்தச் சத்தம் எனக்குக் கேக்கலைன்னு நினைக்கிறீங்களா? ராத்திரி பூரா கேக்குது. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஊறுது. துணி மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன். தரையில போற பால்."

எர்காஷ் தாடியைத் தடவினார். "நான் வெட்டியிருக்கக்கூடாது."

"நல்லதுக்குத்தான் வெட்டினீங்க."

"ஆடு கறக்கும்னு நினைச்சேன்."

"அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

எர்காஷ் சிரிக்கவில்லை. துர்சுனோயும் சிரிக்கவில்லை. மூட்டையிலிருந்து இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்கள்.

"ரெண்டு பேருக்குக் குடுத்தா ஹைதருக்குக் காணுமா?" என்றார் அவர் கொஞ்சம் கழித்து.

"காணாது. அவன் கஞ்சி குடிப்பான். பல் வந்தாச்சு."

அவள் எப்போதோ அதைக் கணக்குப் பண்ணிவிட்டாள் என்று எர்காஷுக்குப் புரிந்தது.

*

மாடு வைத்திருந்த ஒரு வீட்டுக்கும் இனோபத் போனாள். ஊர் எல்லையில் இருந்தது. கறந்த பால் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்றார்கள். அதே ஆஸ்பத்திரிதான். ஒரு கோப்பை சூடான தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள்.

திரும்பும் வழியில் பட்டாலைச் சுவரை ஒட்டி நடந்தாள். உள்ளே தொட்டிகளில் பட்டுக்கூடு வேகும் வாடை தெருவுக்கு வந்தது. பாராசூட்டுக்கு நூல். இன்று அவள் ஷிப்டை வேறொருத்திக்கு மாற்றிவிட்டிருந்தாள். நாளை இரண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுவர் முடிந்த இடத்தில் நின்றாள். அழுகை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேலங்கியைத் திறந்தாள்.

குழந்தை தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. உதடுகள் அசைந்தன. குவிந்தன, விரிந்தன, குவிந்தன. வாயில் ஒன்றும் இல்லாமலே குடித்துக்கொண்டிருந்தது.

இனோபத் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். சுண்டுவிரலை வாயில் வைத்தாள். கொதிநீரில் வெந்து வெந்து தோல் உரிந்த விரல். குழந்தை அதை ஒருமுறை இழுத்துவிட்டு விட்டது.

மேலங்கியை மூடினாள். சறுக்கும் தெருவில் வேகமாக நடந்தாள். ஓரிடத்தில் விழப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

*

அவள் நேராக மேற்கு வீட்டுக்குள் போனாள். செருப்பைக் கழற்றவில்லை. எர்காஷ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

இனோபத் குழந்தையைத் துர்சுனோயின் மடியில் வைத்தாள்.

"குடு."

துர்சுனோய் கையிலிருந்த பருத்தியைக் கீழே போட்டாள். குழந்தையைத் தூக்கவில்லை.

"அக்கா, யோசிச்சுக்கோ. அப்புறம் என்னைச் சொல்லாத."

"யோசிச்சாச்சு."

"ஒரு தடவை குடுத்துட்டா திருப்ப முடியாது."

"தெரியும். சலோமத் சொன்னா. டீயில கலந்தாலும் ஒண்ணுதானாம்."

துர்சுனோய் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்லவா? கதவைச் சாத்து. நீயும் நானும்தான் இருக்கோம். அத்தா வெளிய இருக்காரு. ஆடு திரும்பக் கறந்துச்சுன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லிக்கலாம். தொட்டில் வெட்டும் அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. நான் சாகுற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

இனோபத் அவளைப் பார்த்தாள். துர்சுனோய் பொய் சொல்லவில்லை. திறக்க மாட்டாள்.

இனோபத் எழுந்து கதவுப் பக்கம் போனாள். கதவில் கை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"ரெண்டும் வளர்ந்து கல்யாணத்துக்கு நிக்கும்," என்றாள், முதுகைக் காட்டியபடியே. "நாம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நிப்போம்."

"அது இருபது வருஷத்துக்கு அப்புறம்."

"பிள்ளை குட்டி பொறக்கும்."

துர்சுனோய் மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள்.

இனோபத் கதவைச் சாத்தவில்லை. முழுக்கத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது.

"அத்தா, இங்க வாங்க."

எர்காஷ் படியருகே வந்தார்.

"துர்சுனோய் ஹதியாவுக்குப் பால் குடுக்கப் போறா. நான்தான் குடுக்கச் சொன்னேன். நீங்க சாட்சி."

எர்காஷ் உடனே திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "கேட்டுக்கிட்டேன். நான் பாக்க வேண்டியதில்ல. கதவைச் சாத்துங்க, பிள்ளைங்களுக்குக் குளிரும்."

"சாட்சின்னா நிக்கணும்."

"நிக்கிறேன்மா. வெளியவே நிக்கிறேன்."

கதவைச் சாத்திவிட்டு இனோபத் வந்து உட்கார்ந்தாள். துர்சுனோய் பிஸ்மி சொன்னாள். சட்டையைத் தளர்த்தினாள்.

குழந்தைக்குப் பிடிக்கத் தெரியவில்லை. தலை சரிந்தது. காம்பு வாயில் இருந்தது, உதடு அசையவில்லை. துர்சுனோய் அழுத்தினாள். பால் பீறிட்டுக் குழந்தையின் கன்னத்தில் வழிந்தது, கழுத்தில் வழிந்தது.

"வாய்க்குள்ள விடு," என்றாள் இனோபத்.

"விடுறேன். முழுங்கலையே."

"தாடையைத் தடவு. இப்படி." இனோபத் கையை நீட்டினாள். குழந்தையின் தாடைக்குக் கீழே விரலால் மேலிருந்து கீழே தடவினாள். ஆட்டுக்குட்டிகளுக்கு அப்படித்தான் செய்வார்கள். துர்சுனோய் மறுபடி அழுத்தினாள்.

தொண்டை அசைந்தது.

ஒரு மிடறு.

இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். இனோபத் கையை எடுக்கவில்லை. இன்னொரு முறை தடவினாள். தொண்டை மறுபடி அசைந்தது. பிறகு தடவத் தேவையிருக்கவில்லை. குழந்தை தானாக இழுத்தது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது.

"வலிக்குது," என்றாள் துர்சுனோய். "பல்லே இல்ல, என்னா இழு இழுக்குறா."

அவள் அழுதுகொண்டிருந்தாள். இனோபத் அழவில்லை. எழுந்து, சிந்திக் கிடந்த பருத்தியைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

வெளியே எர்காஷ் இருமினார். "நான் இன்னும் நிக்கணுமா?"

"போங்க அத்தா," என்றாள் இனோபத். "ஆச்சு."

*

வண்டி சொன்னபடி வந்தது. கழுதை வண்டி. வைக்கோலில் இரண்டு பிள்ளைகள் போர்வைக்குள் கிடந்தார்கள். ரௌஸா இறங்கி உள்ளே வந்தாள்.

துர்சுனோய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ஹைதர், ஒரு பக்கம் ஹதியா. ஹைதர் புதிதாக வந்தவளின் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரௌஸா தராசை எடுக்கவில்லை. குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"கக்கினாளா?"

"கொஞ்சம். அப்புறம் நிக்குது," என்றாள் இனோபத்.

"அடிக்கடி குடுக்கணும், கொஞ்சம் கொஞ்சமா. ராத்திரியும். இனி இந்த வீட்டுலதான் படுக்கணும்." ரௌஸா இதைச் சொல்லும்போது இனோபத்தைப் பார்க்கவில்லை.

"படுக்கட்டும்."

"உனக்கும் ஏதாவது வேணுமே," என்று துர்சுனோயிடம் சொன்னாள். "ரெண்டு பிள்ளைக்குப் பால் குடுக்குறவங்களுக்குக் கொஞ்சம் எண்ணெய் தர்றாங்க. கேட்டு வாங்கித் தர்றேன்."

"ஆட்டை வெட்டிடலாமான்னு அத்தா கேக்குறாரு."

"சினை ஆட்டையா?"

"சும்மாதான் கேட்டாரு. அதும்மேல அவருக்குக் கோபம்."

ரௌஸா முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு போர்வையை விலக்கிக் குழந்தையின் தொடையைப் பார்த்தாள். முழங்காலுக்கு மேலே, திராட்சை விதை அளவுக்கு ஒரு மச்சம். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். அது அழியவில்லை. போர்வையை மூடினாள்.

"இனோபத் அக்கா, வாசல் வரைக்கும் வாங்க."

வாசலில் கழுதை வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"காலையிலயே சொல்லியிருக்கலாம்," என்றாள் ரௌஸா. "இவ இருப்பாளா மாட்டாளான்னு தெரியாம சொல்ல வேண்டாம்னு நினைச்சேன். நேத்து வந்த ரயில்ல ஒரு பொண்ணு இறங்கியிருக்கா. வால்யான்னு பேரு. அஞ்சு வயசு. முதல்ல வந்தப்போ அவளுக்குக் காய்ச்சல்னு தாஷ்கந்துல இறக்கி வச்சுக்கிட்டாங்களாம். கைக்குழந்தையை மட்டும் இங்க அனுப்பிட்டாங்களாம். தங்கச்சி நீனா எங்கன்னு பாக்குறவங்களை எல்லாம் கேக்குறா. தொடையில மச்சம் இருக்கும்கிறா."

இனோபத் கதவின் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டேஷன்லதான் வச்சிருக்காங்க. மூணு வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு விட்டுட்டுப் போயிட்டாங்க. கிட்டப் போனா கடிக்கிறா. ஒரு அம்மா அவளைத் தூக்கி, நான்தான் இனி உன் அம்மான்னு சொல்லியிருக்காங்க. கையில பல்லுப் பதிஞ்சுபோச்சு. யாரையும் அம்மான்னு கூப்பிட மாட்டா. அதையும் சேர்த்தே சொல்லிடுறேன்."

"அவங்க அம்மா?"

"குண்டு விழுந்ததைப் பாத்திருக்கா. அதைப் பத்திப் பேசமாட்டேங்குறா. அப்பனைப் பத்தித்தான் பேசுறா. அவன் பேரு, படைப்பிரிவு, தபால் நம்பர் எல்லாம் பாட்டு மாதிரி ஒப்பிக்கிறா. வருவார், எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவார்ங்கிறா."

"உயிரோட இருக்கானா?"

"தெரியாது. நம்பர் இருக்கு. எழுதிப் போட்டா தெரியும். நான் இன்னும் எழுதலை." ரௌஸா வண்டியில் ஏறினாள். "ஆனா எழுதணும் அக்கா."

வண்டி நகர்ந்தது. வைக்கோலுக்குள் ஒரு பிள்ளை இருமியது.

இனோபத் அங்கேயே நின்றாள். பிறகு கூப்பிட்டாள்.

"நர்ஸம்மா. அவ என்ன சாப்பிடுறா?"

"யாரு?"

"அந்தப் பொண்ணு."

ரௌஸா திரும்பிப் பார்த்தாள். "ரொட்டிதான். அஞ்சு வயசாச்சே."

*

இனோபத் முற்றத்தைக் கடந்து தன் வீட்டுக்குப் போனாள். ஹதியாவின் மெத்தையையும் மாற்றுத்துணிகளையும் எடுத்துக்கொண்டு மேற்கு வீட்டுக்கு வந்தாள். மெத்தையைத் துர்சுனோயின் பக்கத்தில் விரித்தாள். ஓரங்களை நீவிவிட்டாள்.

பிறகு மாவுப் பானையைத் திறந்து கையால் அளைந்தாள். சோளமாவுதான், அதுவும் அடியில் கிடந்தது. கிண்ணத்தில் அள்ளி, உப்புப் போட்டுத் தண்ணீர் விட்டாள்.

"இப்ப எதுக்கு மாவு?" என்றாள் துர்சுனோய். "ரொட்டி இருக்கே."

"நாளைக்கு."

"நாளைக்கு உனக்கு ரெண்டு ஷிப்டு."

"அதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரணும்."

"எதுக்கு?"

இனோபத் மாவைப் பிசைந்தாள். வெடித்த விரல்களில் உப்புப் பட்டு எரிந்தது. கையை உதறிக்கொண்டு மறுபடி பிசைந்தாள்.

"ரொட்டி தின்கிற பிள்ளை ஒண்ணு இருக்காம்," என்றாள்.

தகப்பன் விஷயத்தை அவள் சொல்லவில்லை.